கம்பைநல்லூர் ஆலைக்கு நாங்கள் வெட்டிய பல்சக்கரம்

போன மாதம் எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் புதிதாக ஒரு மிஷின் வந்து இறங்கியது. கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, பக்கத்தில் டி.வி. மாதிரி ஒரு திரை. ஓய்வு பெற்றவர்களையும் மரியாதைக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். இளம் விரிவுரையாளர் ஒருவர் பித்தானை அழுத்திவிட்டு எங்களுக்கு டீ கொடுத்தார். டீயைக் குடித்து முடிப்பதற்குள் உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம் பளபளவென்று தயாராகிக் கிடந்தது.

"உங்க காலத்துல இதுக்கு எவ்ளோ நேரம் ஆவுங்க சார்?" என்று கேட்டார்.

"எங்க காலத்துல ஒரே ஒரு பல்சக்கரத்துக்கு மொத்தக் கல்லூரியும் தேவைப்பட்டுச்சுப்பா" என்றேன்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. விவரத்தைச் சொன்னதும் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் தருமபுரியிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்குச் சந்தைத் தெருவில் தகரக் கடை. புனல், பால் கேன், மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் அவர் கையில் உருவாகும். ஊரில் அவருக்குப் பெயர் 'தகரக்கடை பாய்'. தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. "நீ தகரத்தோட நிக்காதே, இரும்புக்குப் போ" என்று அப்பா என்னைக் கல்லூரியில் மெஷினிஸ்ட் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். எங்கள் வீட்டுப் பேச்சு உருது. அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

முதல் வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அரம், அரம், அரம். ஒரு இரும்புக் கட்டையைக் கொடுத்து ஆறு பக்கமும் சமமாக ராவச் சொல்வார்கள். ராவியதும் மூலை மட்டத்தை அதன்மேல் வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் திரும்ப ராவ வேண்டும். கட்டை தேய்ந்து தேய்ந்து சோப்புத் துண்டு அளவுக்கு வந்த பிறகும் சிலருக்கு வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தது. கை காய்த்துப் போனது. ராத்திரி சோறு பிசையும்போது எரியும். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். பதினெட்டு வயதில் ஒரு கூட்டமாகச் சேர்ந்து எதைச் செய்தாலும் சந்தோஷம்தான் போலிருக்கிறது.

இரண்டாம் வருடம் இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் லேத்துக்கும், வெட்டும் மில்லிங் மிஷினுக்கும் வந்தோம். அங்கேதான் நஞ்சுண்டய்யா சார் எங்களுக்குக் கிடைத்தார். பட்டறைக்குப் பொறுப்பாளர். ஓசூரை அடுத்த தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். தமிழில் எந்த வார்த்தைக்கும் கடைசியில் 'ங்க' சேர்த்தே தீர வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பயிற்சிப் பையன்களையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அப்படியே. "நீங்க பண்ணுனதுக்குப் பேரு வேலை இல்லீங்க, இரும்புக்குப் பண்ணுன துரோகம்ங்க" என்பார். மிஷின்களுக்கும் மரியாதை உண்டு. "அவங்களுக்கு எண்ணெய் போட்டீங்களா?" என்று அவர் கேட்டால், அந்த அவங்க மூலையில் இருக்கும் பழைய லேத்.

லேத்தை ஓட்டுவதற்கு முன் அவர் வைத்திருந்த முறையை நான் கடைசி வரை மாற்றவில்லை. வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கில் அதைப் பொருத்தி, சக் சாவியால் இறுக்கியதும், சாவியைச் சுவரில் இருக்கும் மர முளையில் மாட்டிவிட வேண்டும். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார், முளைகளைத்தான் பார்ப்பார். ஒரு முளை காலியாக இருந்தாலும் பட்டறை முழுக்க மெயின் சுவிட்ச் அணைந்துவிடும். மறந்துபோய்ச் சக்கிலேயே சாவியை விட்டுவிட்டு ஓட்டினால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். அடுத்து, சக்கைக் கையாலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். "எங்கயாச்சும் இடிக்கும்னா இப்பவே இடிக்கட்டும்ங்க" என்பார். அதற்குப் பிறகுதான் கரண்ட்.

பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரே தவிர, நாங்கள் பிடித்திருக்கும் கைப்பிடியை அவர் தொட்டதே இல்லை. "ஸ்வல்ப... ஸ்வல்ப..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். கன்னடத்தில் அதற்குக் கொஞ்சம் என்று அர்த்தம். இரும்பைச் சீவும் டூலை முடியளவு உள்ளே நகர்த்துவதற்கு அதைவிட நல்ல வார்த்தையை நான் இன்னும் கேட்கவில்லை.

எங்கள் வகுப்பில் மாதப்பன் என்று ஒருவன். கம்பைநல்லூர்ப் பையன், அவர்களுக்குக் கரும்புத் தோட்டம். கன்னடம் ஒரு சொல்கூடத் தெரியாது. லேத்துக்கு வந்த முதல் நாள் அவன் ஒரு கம்பியைச் சீவிக்கொண்டிருந்தபோது நஞ்சுண்டய்யா சார் பின்னால் நின்று, "சாக்கு, சாக்கு" என்றார். மாதப்பன் மிஷினை நிறுத்திவிட்டு ஓடினான். போனவன் கேன்டீனிலிருந்து ஒரு கோணிச் சாக்கோடு வந்து பணிவாக நீட்டினான்.

"இது என்னத்துக்குங்க?"

"நீங்கதானே சார் சாக்குன்னு கேட்டீங்க!"

போதும், நிறுத்து என்பதற்கு அவர்கள் பேச்சில் 'சாக்கு' மாதிரி ஒரு சொல் என்பது எங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சாரும் சிரித்தார். அந்தச் சாக்கை மடித்துத் தன் நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருடம் தை கழிந்த சமயம் மாதப்பன் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் பட்டறை வாசலில் தன் மாமாவோடு வந்து நின்றான். இரண்டு பேருமாக ஒரு மூட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். "சார், இன்னிக்கு நெசமாவே சாக்குங்க" என்று யாரோ சொல்ல நாங்கள் சிரித்தோம். மாதப்பன் சிரிக்கவில்லை. மூட்டையை அவிழ்த்தான். உள்ளே இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய அளவில் ஒரு பல்சக்கரம். ஒரு பக்கம் பற்கள் மொத்தமாகப் பெயர்ந்து, குறுக்கே விரிசல் ஓடியிருந்தது.

மாமாவின் பெயர் சின்னசாமி. கம்பைநல்லூரில் கரும்பு ஆலை வைத்திருந்தார். உருளைகளுக்கு நடுவே கரும்பை நசுக்கிச் சாறு எடுத்து, கொப்பரையில் காய்ச்சி வெல்லம் வார்க்கிற ஆலை. சுற்றுவட்டாரத்துக்கே அது ஒன்றுதான் மோட்டார் ஆலை.

"சேலத்துல நாலு பட்டறை ஏறி எறங்கிட்டனுங்க" என்றார். "அச்சு செஞ்சு வார்த்துத் தர மாசம் ஆவும்ங்கறாங்க. வெட்டுன கரும்பு களத்துல கெடக்குதுங்க. இன்னும் அஞ்சாறு நாளு போனா புளிச்சுப் போயிருமுங்க. மாதப்பன் அப்பனோடதும் அதுலதான் கெடக்குது."

மாதப்பன் தரையைப் பார்த்தபடி, "வெல்லம் போச்சுன்னா என்னையும் தோட்டத்துக்கே வந்துருன்னு சொல்லிட்டாங்க சார்" என்றான்.

நஞ்சுண்டய்யா சார் குனிந்து, உடையாமல் மிஞ்சியிருந்த பற்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து, "வாங்க" என்று பிரின்சிபால் அறைக்குப் போனார். நானும் மாதப்பனும் பல்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம்.

பிரின்சிபால் விதிகளில் கறாரானவர். மணி விஷயத்தில் அதைவிடக் கறார். "வெளி வேலை எடுக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"வெளி வேலை இல்லீங்க, பாடம்ங்க. பல்சக்கரம் வெட்டுறது இவங்க பாடத்துல இருக்குதுங்க. எதையாவது ஒண்ணை வெட்டித்தான் ஆவணும். அதை இதாவே வெட்டிட்டுப் போறோம்ங்க."

பிரின்சிபால் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "சரி. வகுப்பு நேரத்துல மட்டும். பெல் அடிச்சதுக்கப்புறம் பட்டறையில ஒருத்தர் இருக்கக் கூடாது."

வெளியே வந்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் மார்க் போட்டதும் பழைய இரும்புப் பெட்டிக்குள் விழுகிற சாமான்கள். இது ஓடப்போகிற சாமான்!

அந்தச் சந்தோஷம் மதியம் வரைக்கும்தான். ஸ்டோரில் இருந்த கட்டர்களை எல்லாம் எடுத்து அந்தப் பல் இடுக்கில் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் பொருந்தவில்லை. ஆலை வெள்ளைக்காரன் காலத்தது, பற்கள் அங்குலக் கணக்கு. எங்கள் கட்டர்கள் மில்லிமீட்டர் கணக்கு. கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஓட்டினால் இரண்டே நாளில் பற்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

"கட்டர் இல்லேன்னா செஞ்சுக்கலாம்ங்க" என்றார் சார். பல் இடுக்கின் உருவத்துக்கே சாணையில் ஒரு டூலை அரைத்து, அந்த ஒற்றை டூலை மில்லிங் மிஷினில் சுற்றவிட்டு வெட்டுவது என்பது அவர் யோசனை. மெதுவாக ஆகும், ஆனால் ஆகும். அரைப்பதற்கு முதலில் அந்த இடுக்கின் அச்சு வேண்டும். மெல்லிய தகரத்தில் வெட்டி, இடுக்கில் செருகிப் பார்த்து, வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருத்த வேண்டும். "தகரம் யாருக்குங்க நல்லா வரும்?" என்று அவர் கேட்கும்போதே மொத்த வகுப்பும் என் பக்கம் திரும்பிவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கத்தரியைக் கேட்டேன். அவர் அதை யாருக்கும் கொடுத்ததில்லை.

"என் கத்தரி தனியா எங்கியும் போவாது. அது போற எடத்துக்கு நானும் வருவேன்" என்றார்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, தோய்த்த சட்டை, வெள்ளைத் தொப்பியோடு என்னுடன் நடந்து வந்தார். என்னைச் சேர்த்துவிட்ட நாளுக்குப் பிறகு அவர் கல்லூரிக்குள் கால் வைத்தது அன்றுதான். நஞ்சுண்டய்யா சார் எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்தார். அப்பா உட்காரவில்லை. மிஷின் மிஷினாகப் போய்ப் பார்த்தார். நான் தகரத்தை வெட்டி, சின்ன அரத்தால் ராவி, இடுக்கில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மறுபடி ராவி... இப்படியே காலை போனது. முதல் வருடம் முழுக்க அந்தக் கட்டையை ஏன் ராவினோம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. கடைசியில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. அப்பா கத்தரியை வாங்கித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "ஒரு சொல்லுகூட நான் சொல்ல வேண்டி வரலியே" என்றார். குறைப்பட்டுக்கொள்வது மாதிரிதான் சொன்னார். முகம் அப்படி இல்லை.

அந்தத் தகர அச்சை வைத்து டூலை அரைத்தேன். அவசரப்பட்டால் முனை சூடேறி நீலம் பாய்ந்து பதம் போய்விடும். தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். அதே நேரத்தில் மாதப்பன் லேத்தில், தேர்வுக்கென்று ஸ்டோரில் கிடந்த கனமான இரும்பு உருளையைக் கடைந்து, நடுவில் துளை போட்டு, அளவுக்குக் கொண்டுவந்திருந்தான்.

அடுத்தது பல் பிரிப்பது. மில்லிங் மிஷினில் உருளையைத் திருப்பும் கைப்பிடிக்குப் பக்கத்தில் வட்டமாகத் துளைகள் போட்ட ஒரு தட்டு இருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் இத்தனை துளை தள்ளிக் கைப்பிடியைக் கொண்டுபோக வேண்டும். ஒரு இடத்தில் எண்ணிக்கை தவறினாலும் கடைசிப் பல் நொண்டி. சார் உடனே வெட்ட விடவில்லை. "முதல்ல கோடு மட்டும் போடுங்க" என்றார். மாதப்பன் எண்ண, நான் டூலை உரசிக் கோடு போட, சுற்றி வந்தோம். கடைசிக் கோட்டுக்கும் முதல் கோட்டுக்கும் நடுவில் ஒரு பல் அளவுக்கும் மேல் இடம் மிஞ்சி நின்றது.

சார் உருளையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். மாதப்பன் தட்டையே வெறித்துப் பார்த்தான். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான்.

"சார்! நான் நிக்கிற மைல்கல்லையும் சேர்த்து எண்ணிப்புட்டனுங்க!"

அதுதான். கைப்பிடியின் முள் ஏற்கெனவே இருக்கிற துளையை எண்ணக் கூடாது, அதற்கு அடுத்ததிலிருந்துதான் ஒன்று. ஊரிலிருந்து அரூர் பஸ்ஸில் தினமும் மைல்கல் எண்ணிக்கொண்டு வருகிறவனுக்கு அது அப்படிப் பிடிபட்டது. மறுபடி கோடு போட்டோம். கடைசிக் கோட்டிலிருந்து ஒரு பல் தள்ளியதும், டூல் முதல் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வெட்ட ஆரம்பித்தோம். ஒற்றை டூல் என்பதால் டக், டக், டக் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி. சூட்டைத் தணிக்கச் சோப்புத் தண்ணீர் வழிய, "ஸ்வல்ப... ஸ்வல்ப" என்று பின்னாலிருந்து குரல். நண்பகலில் நான் தொழுகைக்குப் போக வேண்டும். போனால் வேறொருவன் மிஷினை எடுத்துக்கொள்வானே என்று நினைத்துத் தயங்கி நின்றேன். சார் சுவிட்சை அணைத்தார்.

"போய்ட்டு வாங்க. டூலை அரைச்சவரு வந்ததுக்கப்புறம் ஓட்டலாம்ங்க."

கத்தரிக்கு வேலை இல்லாவிட்டாலும் அப்பா அன்றும் வந்திருந்தார். இருவரும் மசூதிக்குப் போய்த் திரும்பி வந்தபோது, வகுப்பு மொத்தமும் மிஷினைச் சுற்றி உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தது. கைப்பிடியை யாரும் தொட்டிருக்கவில்லை.

ஆனால் மதியம் அப்படிப் போன நேரம் சாயங்காலம் எங்களைப் பிடித்தது. பெல் அடிக்கிற நேரம் நெருங்கியபோது இன்னும் சில பற்கள் பாக்கி. மறுநாள் அரை நாள்தான், சக்கரத்தை அச்சுத்தண்டோடு பூட்டும் ஆணிக்காடி வெட்டவே அது சரியாகிவிடும், திங்கட்கிழமை வரை விட்டால் கரும்பு தாங்காது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பிரின்சிபால் உள்ளே வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டக், டக் என்று விழுகிற உலோகச் சீவலைப் பார்த்தார். வாசலில் பியூன் பெல் அடிக்கக் கட்டையை ஓங்கியபடி அவர் தலையசைப்புக்குக் காத்திருந்தார்.

"முனுசாமி, அதைக் கீழ வை" என்றார் பிரின்சிபால். "பெல் அடிச்சாத்தானே வகுப்பு முடிஞ்சதாக் கணக்கு?"

அன்று எங்கள் கல்லூரிக்குப் பெல்லே அடிக்கவில்லை. வேறு வகுப்புக்காரர்கள் குழம்பிப்போய் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசி இடுக்கு வெட்டி முடிந்தபோது ஜன்னல், வாசல் எல்லாம் தலைகள். மாதப்பன் பல்சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். சோப்புத் தண்ணீரில் சட்டை நனைந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை ஆணிக்காடி போட்டு முடித்து, ஞாயிறு காலை என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்தோம். கம்பைநல்லூரில் ஆலைக் கொட்டகையைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். பல்சக்கரத்தை ஆலையின் அச்சுத்தண்டில் ஏற்றினோம். சார் கரண்டைத் தொட விடவில்லை. "முதல்ல கையால ஒரு சுத்துங்க." சுற்றியபோது ஓரிடத்தில் இறுகி நின்றது. எந்தப் பல் என்று தெரிய வேண்டும். அதற்குத் தடவிப் பார்க்கும் நீல மையைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

மாதப்பனின் ஆத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "செவப்பு ஆவுங்களா சார்?" என்று கேட்டு, குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். பற்களில் பூசிச் சுற்றினோம். இடிக்கிற பல்லில் மட்டும் குங்குமம் நசுங்கித் தெரிந்தது. அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி சுற்றினோம். வழுக்கிக்கொண்டு போனது.

மோட்டார் போட்டார்கள். முதல் கரும்பைச் சின்னசாமி கொடுக்க, மாதப்பனின் அப்பா உருளைக்குள் விட்டார். ஒரு நொறுங்கல் சத்தம். சாறு தகர வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு ஓடியது. கூட்டம் போட்ட கூச்சலில் சார் என்னவோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. அவருடைய கண்ணாடியில் சாறு தெறித்திருந்தது. அதைத் துடைக்காமலே நின்றார். என் அப்பா அந்த வாய்க்காலைத் தட்டிப் பார்த்து, "தகரம் மட்டம், அடுத்த வருசம் நான் போட்டுத் தர்றேங்க" என்று சின்னசாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதப்பன் படிப்பைத் தொடர்ந்தான். பிற்பாடு ஓசூர்த் தொழிற்சாலைக்குப் போய்ப் பெரிய ஆளானான். நான் அதே பட்டறையில் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அதையெல்லாம் விரித்து எழுத இடமில்லை. ஆனால் எங்கள் தேர்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்குச் சேலத்திலிருந்து ஒரு பரீட்சகர் வந்தார். சிரிக்காத மனிதர். பெட்டியைத் திறந்து, அளவெடுக்கும் வெர்னியரை எடுத்து வைத்துக்கொண்டு, "பல்சக்கரம் வெட்டின பீஸ் எங்கே?" என்றார்.

"அது வேலையில இருக்குதுங்க" என்றார் நஞ்சுண்டய்யா சார்.

சேலத்தில் வார்க்கச் சொல்லி வைத்திருந்த சக்கரம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. ஆனால் சின்னசாமி, "ஓடுறதை என்னத்துக்குங்க கழட்டறது?" என்று அதைப் பிரிக்காமலே பரணில் போட்டுவிட்டார். பரீட்சகருக்கு இதெல்லாம் புரியவில்லை. "பீஸைப் பார்க்காம நான் மார்க் போட முடியாது" என்று பிடிவாதமாகச் சொன்னார். வேறு வழியில்லை. மத்தியான பஸ்ஸில் அவரையும் கூட்டிக்கொண்டு கம்பைநல்லூர் போனோம்.

ஆலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பரீட்சகர் வெர்னியரோடு கிட்டே போய் நின்றார். "நிறுத்தச் சொல்லுங்க, அளக்கணும்."

சின்னசாமி கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கோணும்ங்க. கொப்பரையில பாகு நிக்குது. இப்ப நிறுத்துனா மொத்தமும் கெட்டுரும்ங்க."

பரீட்சகர் நஞ்சுண்டய்யா சாரைப் பார்த்தார். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலே கூரையைப் பார்த்தார். பரீட்சகர் குனிந்து, பல்லும் பல்லும் சேருகிற இடத்தை வெகுநேரம் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். ஒரே சீரான உறுமல், நடுவில் ஒரு தட்டலும் இல்லை. மாதப்பனின் ஆத்தா ஒரு டம்ளர் சாறு கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், வெயில் தாங்காமல் வாங்கிக் குடித்தார்.

குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு மாதப்பனிடம் திரும்பினார். "ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். பல் பிரிக்கும்போது எண்ணிக்கையில ஒண்ணு தப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

மாதப்பன் யோசிக்கவே இல்லை. அவர் கையிலிருந்த டம்ளரைக் காட்டினான்.

"அதுல ஒண்ணும் இருந்திருக்காதுங்க சார்."

பரீட்சகர் வெர்னியரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு இன்னும் கொஞ்சம் சாறுக்கு டம்ளரை நீட்டினார்.